குட்டையான சங்கிலியில் இணைபலபடியின் இயைபு மாறுவது ஏன்?

கேள்வி: கடைமடை மாணவி (மயிலாடுதுறை)

அனைவருக்கும் வணக்கம். மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள ஒரு கல்லூரியில் முதுகலை வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஸ்டைரீன், மெத்தில் மெதாக்ரிலேட் (இனி எம்எம்ஏ என்கிறேன்) என்ற இரண்டு மோனோமர்களை (சங்கிலியின் அலகாகச் சேரும் சிறு மூலக்கூறுகளை) தனி உறுப்பு முறையில், அதாவது இணையில்லா எலக்ட்ரான் கொண்ட முனையில் ஒவ்வொன்றாகச் சேரவிட்டு, இணைபலபடியாக்கி (ஒரே சங்கிலியில் இரண்டு வகை அலகும் கலந்த பொருளாக்கி), அதில் ஒவ்வொன்றும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற இயைபை அளப்பது என் ஆய்வேட்டின் ஒரு பகுதி.

இரண்டு மோனோமர்களையும் சம மோல் அளவில் எடுத்து, கரைப்பான் இல்லாமல், வினையைத் தொடங்கிவைக்கும் ஏஐபிஎன் என்ற துவக்கியுடன் 60 டிகிரி செல்சியஸில் வைத்து, ஏறத்தாழ 5 விழுக்காடு மோனோமர் மட்டும் மாறிய நிலையில் வினையை நிறுத்தினேன். பிறகு மெத்தனாலில் ஊற்றி வீழ்படிவாக்கி, உலர்த்தி, மாதிரிகளைத் திருச்சிக்கு அனுப்பி என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலை எடுத்தேன். வளரும் சங்கிலியை நிறுத்திப் புதியதைத் தொடங்கிவைக்கும் சங்கிலி மாற்றி எதுவும் சேர்க்காத மாதிரியில் ஸ்டைரீனின் மோல் பின்னம் 0.51 என வந்தது. வினைத்திறன் விகிதங்களை (ஒரு முனை மற்றதைவிடத் தன் வகை மோனோமரை எத்தனை மடங்கு வேகமாக ஏற்கிறது என்பதை) ஸ்டைரீனுக்கு 0.52, எம்எம்ஏவுக்கு 0.46 என வைத்து, மோனோமர் கலவையிலிருந்து இயைபைத் தரும் மேயோ–லூயிஸ் சமன்பாட்டில் கணக்கிட்டாலும் அதே 0.51 தான் கிடைக்கிறது.

சிக்கல் அடுத்த மாதிரியில் தொடங்கியது. மோனோமரின் மோல் அளவில் ஏறத்தாழ 2 விழுக்காடு டோடெசில் மெர்காப்டன் என்ற சங்கிலி மாற்றியைச் சேர்த்தபோது எண்சராசரி மூலக்கூறு நிறை 1,400 அளவுக்கு இறங்கியது. அதனுடன் ஸ்டைரீனின் பின்னமும் 0.56க்கு ஏறியது. மூன்று முறை திரும்பச் செய்தும் இதே போக்குதான். என் நெறியாளர் இதை அளவீட்டுப் பிழை என்று கருதுகிறார். மேயோ–லூயிஸ் சமன்பாட்டில் சங்கிலியின் நீளம் என்ற கூறே கிடையாது. அப்படியிருக்க, நீளம் குறைந்தால் இயைபு மாறுமா? மெர்காப்டன் வினைத்திறன் விகிதத்தையே மாற்றிவிடுகிறதா? ஆய்வேட்டில் எதை எழுதுவது என்று புரியவில்லை. விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: குடந்தை ஆசிரியர்

உங்கள் அளவீட்டை முழுவதும் பிழை என்று ஒதுக்க வேண்டியதில்லை. வினைத்திறன் விகிதம் மாறிவிட்டது என்றும் எழுத வேண்டியதில்லை. அந்தச் சமன்பாடு எந்த நிபந்தனையின் மேல் நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

1944இல் மேயோவும் லூயிஸும் அதை வருவித்தபோது, மோனோமர் முழுவதும் சங்கிலி வளர்ச்சியில்தான் செலவாகிறது என்றும், ஸ்டைரீன் முனையிலிருந்து (வளரும் சங்கிலியின் கடைசி அலகு ஸ்டைரீனாக இருப்பதிலிருந்து) எம்எம்ஏ முனைக்கு மாறும் வேகமும் எம்எம்ஏவிலிருந்து ஸ்டைரீனுக்குத் திரும்பும் வேகமும் சமம் என்றும் கொண்டார்கள். துவக்கத்தில் நடக்கும் சேர்க்கையும் முடிவில் நடக்கும் நிறுத்தமும் கணக்கில் இல்லை. ஆயிரம் அலகு நீளமுள்ள சங்கிலிக்கு இது முற்றிலும் நியாயமான எளிமைப்படுத்தல். உங்களுடையதைப் போலப் பன்னிரண்டு அலகு அளவில் உள்ள சங்கிலிக்கு அவ்வாறு சொல்ல முடியாது.

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஆயிரம் வயல் பாயும் வாய்க்காலில் தலைமடை வயல்காரர் ஒருவர் தம் பங்குக்கு மேல் நீர் எடுத்தால் அது ஆயிரத்தில் ஒரு பங்கு, யாரும் கவனிக்க மாட்டார்கள். பத்து வயல் மட்டுமே பாயும் கன்னி வாய்க்காலில் அதே தலைமடை வயல் பத்தில் ஒரு பங்கு. சங்கிலியிலும் முதல் அலகுக்கும் கடைசி அலகுக்கும் தனிச் சார்பு உண்டு. சங்கிலி குட்டையாகும்போது அந்தச் சார்பு சராசரியில் தெரியத் தொடங்குகிறது.

இதை எண்ணாக மாற்ற ஓர் எளிய வழி, சங்கிலியைத் தொடர்களாக (ஒரே வகை அலகுகள் அடுத்தடுத்து நிற்கும் துண்டுகளாக) பிரித்து எண்ணுவது. சம மோல் கலவையில் ஸ்டைரீன் முனை அடுத்தும் ஸ்டைரீனையே ஏற்கும் நிகழ்தகவு 0.34, ஆகவே ஒரு ஸ்டைரீன் தொடரின் சராசரி நீளம் 1.52 அலகு. எம்எம்ஏ தொடரின் சராசரி நீளம் 1.46 அலகு. நீண்ட சங்கிலியில் இரண்டு வகைத் தொடர்களும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் இருப்பதால், 1.52ஐ 2.98ஆல் வகுத்தால் உங்களுடைய 0.51 வந்துவிடும். இப்போது ஸ்டைரீனில் தொடங்கி ஸ்டைரீனிலேயே முடியும் ஒரு குட்டைச் சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஐந்து ஸ்டைரீன் தொடர்களும் நான்கு எம்எம்ஏ தொடர்களும் இருந்தால் முறையே 7.6 அலகும் 5.84 அலகும் சேரும். ஸ்டைரீனின் பின்னம் 0.565. வினைத்திறன் விகிதம் எதுவும் மாறவில்லை. ஒரு தொடர் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் சங்கிலிகள் ஸ்டைரீனில் தொடங்கி ஸ்டைரீனில் முடிய வேண்டும் என்பதற்கு என்ன காரணம் என்று கேட்பீர்கள். மெர்காப்டன் தன் ஹைட்ரஜனைக் கொடுத்தபின் எஞ்சும் கந்தகத் தனி உறுப்புதான் உங்கள் குட்டைச் சங்கிலிகளில் பெரும்பாலானவற்றைத் தொடங்கிவைக்கிறது. அது எம்எம்ஏவைவிட ஸ்டைரீனை விரும்பிச் சேரும். அது தலைமடை. கடைமடையில் சார்பு இதைவிடக் கடுமையானது. டோடெசில் மெர்காப்டனின் சங்கிலி மாற்ற மாறிலி (ஹைட்ரஜனைப் பறிக்கும் வேக மாறிலியை வளர்ச்சி வேக மாறிலியால் வகுத்தது) ஸ்டைரீனுக்கு ஏறத்தாழ 15, எம்எம்ஏவுக்கு ஏறத்தாழ 0.7. அவற்றைத் தத்தம் வளர்ச்சி வேக மாறிலிகளால் பெருக்கினால், ஸ்டைரீன் முனை மெர்காப்டனிடம் ஹைட்ரஜனைப் பறிக்கும் வேகம் எம்எம்ஏ முனையினுடையதைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஆகவே உங்கள் மாதிரியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சங்கிலிகள் ஸ்டைரீன் முனையில்தான் நின்றிருக்கும்.

இரண்டு முனைகளையும் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் சேரும் வாய்ப்பையும் நிற்கும் வாய்ப்பையும் தனித்தனியே வைத்து நான் கணக்கிட்டுப் பார்த்தேன். சராசரி நீளம் பதினொன்று அலகாக இருக்கையில், எல்லாச் சங்கிலிகளும் ஸ்டைரீனில் தொடங்கினால் பின்னம் 0.55. பத்தில் எட்டு மட்டும் ஸ்டைரீனில் தொடங்கினால் 0.54. நீங்கள் அளந்தது 0.56. பெரும்பகுதி விளங்கிவிட்டது, எஞ்சிய 0.01, 0.02 எங்கிருந்து வருகிறது என்பதைத் தேட வேண்டும், அதற்கு வேறு காரணம் இருக்கக்கூடும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் அலகு எது என்ற நினைவு சங்கிலிக்கு நெடுநேரம் இருப்பதில்லை. உங்கள் கலவையில் அந்த நினைவு ஒவ்வொரு படியிலும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, குறியும் மாறி மாறி வரும். நான்காவது அலகுக்குள் ஏறத்தாழ மறைந்துவிடும். மறையாமல் இருப்பது, தொடக்கத்தில் கூடுதலாகச் சேர்ந்த அந்த ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அலகு. அதைச் சங்கிலியின் நீளத்தால் வகுக்கிறோம். எனவே விலகல் நீளத்தின் தலைகீழாகக் குறைய வேண்டும்: பத்து அலகில் 0.03 என்றால் நூறு அலகில் 0.003.

பதில் 2: வெண்ணாற்றங்கரை

ஆசிரியர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குட்டைச் சங்கிலியில் முனைகளின் எடை ஒன்றுதான் காரணம் என்று முடித்துவிடக் கூடாது. நீளம் இயைபைத் தொடும் வழிகள் வேறும் உண்டு. அவற்றை விலக்கிக் காட்டினால்தான் ஆய்வேடு நிற்கும்.

முதலாவது, மிகக் குட்டையான தனி உறுப்பு நீண்ட சங்கிலியைப் போல நடந்துகொள்வதில்லை. எம்எம்ஏவில் முதல் சேர்க்கையின் வேகம் நீண்ட சங்கிலியின் வேகத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். பத்து அலகுக்குள் அந்த வேறுபாடு அடங்கிவிடும். இரண்டு மோனோமர்களையும் சேர்க்கும் வேகம் ஒரே விகிதத்தில் உயர்ந்தால் இயைபு மாறாது. இரண்டில் எந்த மோனோமரை விரும்பி ஏற்கிறது என்ற தெரிவுத்திறன் மாறினால்தான் மாறும்.

இரண்டாவது வழி எனக்கு எப்போதும் பெரிதும் ஆர்வமூட்டுவது. சங்கிலி நீண்டு சுருண்டிருக்கும்போது அந்தச் சுருளுக்குள் இருக்கும் மோனோமர் கலவை, குடுவையில் நாம் ஊற்றிய கலவையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சங்கிலி தனக்கு இணக்கமான மோனோமரைத் தன்னைச் சுற்றிச் சற்றுக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். கரைப்பானை மாற்றினால் இயைபு மாறியபோதும், ஒரே இயைபுள்ள பலபடிகளில் அலகுகளின் வரிசையமைப்பு மாறாமல் இருந்ததைக் கண்டு, ஹார்வுட் 1987இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். ரஷ்யாவில் செம்சிகோவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஸ்டைரீன், மெதாக்ரிலிக் அமிலம் போன்ற இணைகளில் மூலக்கூறு நிறையைத் துவக்கியின் அளவாலும் மெர்காப்டனாலும் மாற்றிப் பார்த்து, இயைபு நிறையோடு சேர்ந்து மாறுவதை இந்த வழியிலேயே விளக்கினார்கள். நீரை விரும்புவதும் வெறுப்பதும் சேர்ந்த இணைகளில் இதைக் கட்டாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்டைரீனும் எம்எம்ஏவும் ஒன்றோடொன்று நன்றாகக் கலப்பவை, இங்கே அது பெரிய அளவில் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. மெர்காப்டனின் அளவை மாற்றி நான்கைந்து வெவ்வேறு நீளங்களில் மாதிரி செய்து, ஸ்டைரீனின் பின்னத்தை நீளத்தின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். முனைகளின் எடைதான் காரணம் என்றால் புள்ளிகள் நேர்கோட்டில் நிற்கும். அந்தக் கோடு அச்சை 0.51இல் வெட்டும். சுருளுக்குள் மோனோமர் சேர்வதுதான் காரணம் என்றால், விலகல் நூற்றுக்கணக்கான அலகு நீளத்திலும் அளக்கும் அளவில் தொடரும், நேர்கோடும் கிடைக்காது.

கடைசிக்கு முந்தைய அலகின் விளைவு (முனைக்கு முந்தைய அலகும் வினையைப் பாதிப்பது) என்று யாராவது தேர்வில் கேட்பார்கள். இந்த இணையில் அந்த விளைவு வினையின் வேகத்தில் தெளிவாகத் தெரிகிறது என்பதை ஃபுகுதாவின் குழுவினர் 1985இல் காட்டினார்கள். இயைபோ கடைசி அலகை மட்டும் கணக்கில் கொள்ளும் எளிய முனை மாதிரிக்கே கட்டுப்படுகிறது. அதனால் அதை இங்கே இழுக்க வேண்டாம்.

பதில் 3: திருவையாற்று ரெசின்காரர்

நான் இருபத்தைந்து ஆண்டுகள் வெளியூரில் பெயின்ட் ரெசின் தயாரிப்பில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். மேலே உள்ளவர்கள் சராசரியைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் தொழிலில் சராசரி சரியாக இருந்தும் சரக்கு கெட்டுப்போகும். ஏனென்றால் குட்டைச் சங்கிலியில் ஒரு சங்கிலிக்கும் அடுத்த சங்கிலிக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

அக்ரிலிக் ரெசினில் ஹைட்ராக்ஸி எத்தில் மெதாக்ரிலேட் பத்தில் ஒரு பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியைப் பிடித்துத்தான் மெலமினோ ஐசோசயனேட்டோ படலத்தைக் குறுக்காகப் பிணைக்கும். சங்கிலியின் நீளம் சரியாகப் பத்து அலகு என்றால்கூட, ஒரு ஹைட்ராக்சிலும் இல்லாத சங்கிலிகள் நூற்றுக்கு 35 இருக்கும். உண்மையில் தனி உறுப்பு முறையில் நீளம் ஒரே அளவாக வராது, குட்டையானவை மிகுதியாக இருக்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் நூற்றுக்கு 47 சங்கிலிகள் வெறுமையாக இருக்கும். சராசரியை ஐம்பது அலகுக்கு உயர்த்தினாலும் வெறும் சங்கிலி நூற்றுக்கு 15 எஞ்சும். மோனோமர்கள் எவ்விதச் சார்பும் இல்லாமல் சேர்கின்றன என்று கொண்டு போட்ட கணக்கு இது.

இந்தக் கணக்கை நான் தாமதமாகக் கற்றேன். கரைப்பான் அளவைக் குறைக்க வேண்டும் என்பதற்காக ஒரு ரெசினின் மூலக்கூறு நிறையை இறக்கினோம். ஹைட்ராக்சில் எண் (ரெசினில் உள்ள மொத்த ஹைட்ராக்சிலின் அளவு) பழைய ரெசினுக்கு ஒத்திருந்தது, பிசுக்குமை விரும்பியபடி குறைந்தது, சான்றிதழில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் சூட்டடுப்பிலிருந்து வெளிவந்த தகட்டில் படலம் மென்மையாகவே இருந்தது. கரைப்பான் தோய்ந்த துணியால் தேய்த்தால் கரைந்து வந்தது. பிணையாத சங்கிலிகள் எண்ணெய் போல உள்ளே தங்கிவிட்டன. ஹைட்ராக்சில் மோனோமரைக் கூட்டிய பிறகுதான் அது தீர்ந்தது. கூட்டும்போது எல்லா மோனோமரையும் முதலிலேயே கொட்டாமல், பல மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டோம். அப்படி விட்டால் குடுவையில் சேரும் மோனோமர் உடனுக்குடன் செலவாகி, ஊட்டும் விகிதமே சங்கிலியின் விகிதமாக நிற்கும்.

தங்கைக்கு நான் சொல்வது இதுதான்: சராசரிப் பின்னத்தோடு அதன் பரவலையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். ஸ்டாக்மேயர் 1945இல் கொடுத்த வாய்பாட்டின்படி, உங்கள் கலவையில் பத்து அலகுச் சங்கிலிகளின் இயைபு சராசரியைச் சுற்றி 0.11 அளவுக்குச் சிதறியிருக்கும். ஆயிரம் அலகில் அந்தச் சிதறல் 0.011 மட்டுமே.

பதில் 4: குடந்தை ஆசிரியர்

ரெசின்காரர் ஐயா தந்த அந்த 0.11 எனக்கு விட்டுப்போன காரணத்தைக் காட்டிவிட்டது. மாணவி மெத்தனாலில் வீழ்படிவாக்கியிருக்கிறார். பன்னிரண்டு அலகுச் சங்கிலிகளில் எம்எம்ஏ மிகுந்தவை மெத்தனாலில் கரைந்து போகும். ஸ்டைரீன் மிகுந்தவை அடியில் தங்கும். இயைபு இவ்வளவு சிதறியிருக்கும்போது, வீழ்படிவாக்குவதே ஒரு சல்லடையாகிவிடும். நீண்ட சங்கிலியில் அந்தச் சல்லடைக்கு வேலை இல்லாததால்தான் முதல் மாதிரி ஒழுங்காக வந்தது.

ஆகவே அடுத்த முறை வீழ்படிவாக்காமல், மோனோமரை வெற்றிடத்தில் ஆவியாக்கி நீக்குங்கள். என்எம்ஆரில் மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும். ஆவியாகாமல் தங்கிய ஸ்டைரீன் இருந்தால் 5.2, 5.7 பிபிஎம் பகுதியில் அதன் இரட்டைப் பிணைப்பு தெரியும். தெரிந்தால் அதற்குரிய அளவை, ஸ்டைரீனின் வளையத்தைக் காட்டும் அரோமாட்டிக் பகுதியிலிருந்து கழியுங்கள். கரைப்பானில் எஞ்சிய குளோரோஃபார்மின் 7.26 பிபிஎம் கோடும் அதே அரோமாட்டிக் பகுதியில்தான் விழுகிறது, அதைக் கழிக்காவிட்டால் ஸ்டைரீன் பொய்யாக உயரும். கந்தகத்தை ஒட்டிய மெத்திலீன் தொகுதி, எம்எம்ஏவைக் காட்டும் மெத்தாக்ஸி பகுதிக்குள் நுழைந்து எம்எம்ஏவைப் பொய்யாக உயர்த்தக்கூடும். நீண்ட சங்கிலியில் இவை பொருட்டல்ல, உங்கள் மாதிரியில் பொருட்டு.

இன்னொன்று. 5 விழுக்காடு மாற்றம் என்பது மோனோமருக்குக் குறைவுதான். ஆனால் அவ்வளவு நேரத்தில் உங்கள் மெர்காப்டனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தீர்ந்திருக்கும். கடைசியில் பிறந்த சங்கிலிகள் முதலில் பிறந்தவற்றைவிட நீளம். 2 விழுக்காட்டிலேயே நிறுத்த முயலுங்கள்.

கேள்வியாளரின் மறுமொழி: கடைமடை மாணவி

மூன்று பேருக்கும் என் மனமார்ந்த நன்றி. வீழ்படிவாக்காமல் ஒரு மாதிரியைச் செய்து, குளோரோஃபார்ம் கோட்டைக் கழித்து, மீண்டும் திருச்சிக்கு அனுப்பினேன். ஸ்டைரீனின் பின்னம் 0.54 என்று வந்திருக்கிறது. மெர்காப்டனைக் குறைத்து மேலும் மூன்று நீளங்களில் மாதிரிகள் தயாராகின்றன. வெளியே வெயில் கடுமையாக இருப்பதால் நீர்த்தொட்டியின் வெப்பநிலையை இரவில்தான் ஒரே அளவில் நிறுத்த முடிகிறது.

ஓர் ஐயம் எஞ்சுகிறது. பத்தில் எட்டுச் சங்கிலிகள் ஸ்டைரீனில் தொடங்குகின்றன என்று ஐயா கொண்டது ஓர் ஊகம்தானே? தலைமடையில் என்ன இருக்கிறது என்பதை நேரடியாக அளக்க வழி உண்டா?

பதில் 5: வெண்ணாற்றங்கரை

ஊகம்தான், நீங்கள் வரையப்போகும் கோட்டின் சாய்விலிருந்து அதைத் திருப்பிக் கணக்கிடலாம். கடைமடையின் பங்கை மெர்காப்டனின் மாறிலிகளிலிருந்து முன்கூட்டியே கழித்துவிட்டால், எஞ்சும் சாய்வு முதல் அலகைப் பற்றியதுதான். எல்லாமே ஸ்டைரீனில் தொடங்கினால், தலைமடையிலிருந்து வரும் சாய்வு 0.36க்கு மேல் போக முடியாது. அந்த வரம்பைத் தாண்டினால் அளவீட்டில் இன்னும் ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள்.

திருச்சியிலோ தஞ்சாவூரிலோ மூலக்கூறுகளின் நிறையைத் தனித்தனியே காட்டும் மால்டி நிறைமாலைக் கருவியில் ஒரு மாதிரியைப் போட முடிந்தால் இன்னும் நல்லது. முதல் அலகை அது காட்டாது. ஆனால் ஒவ்வொரு நீளத்துக்கும் தனித்தனியே இயைபைத் தரும், சராசரியை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஸ்டைரீன் அலகின் நிறை 104.15, எம்எம்ஏ அலகின் நிறை 100.12. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்தால் கோடு 4 அலகு நகரும். ஒரே நீளமுள்ள சங்கிலிகள் இவ்வாறு ஒரு குடும்பமாக நிற்கும். 26 எம்எம்ஏவின் நிறை 25 ஸ்டைரீனின் நிறைக்கு ஏறத்தாழ ஒத்துப்போவதால், நீண்ட சங்கிலிகளில் இந்தக் குடும்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழப்பும். உங்கள் பன்னிரண்டு அலகுச் சங்கிலியில் அந்தக் குழப்பம் வராது. எட்டு அலகுக் குடும்பத்தின் சராசரி பதினாறு அலகுக் குடும்பத்தின் சராசரியைவிட ஸ்டைரீனில் எவ்வளவு மிகுந்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்டைரீன் மிகுந்த சங்கிலியும் எம்எம்ஏ மிகுந்த சங்கிலியும் ஒரே அளவில் அயனியாவதில்லை என்பதால், கோடுகளின் உயரத்தை அப்படியே நம்பாமல், ஒரு குடும்பத்தை இன்னொரு குடும்பத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.